கூட்டுக்குள் வந்த கை

கூட்டுக்குள் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அந்தச் சேனலின் முதல் விதி. அதை எழுதி, எல்லார் கண்ணிலும் படும்படி மேலே ஒட்டி வைத்தவள் தையல்காரி. ஒட்டிவிட்டுச் சும்மா இருந்தாளா என்றால் இல்லை. "பாவமா இருக்கே, யாராவது உதவி பண்ணக் கூடாதா?" என்று எவராவது வாயைத் திறந்தால் போதும், அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். "இது ஆந்தைக் கூடு, உங்க வீட்டு ஹால் இல்ல. பார்க்க முடியலன்னா கண்ணை மூடிக்குங்க" என்று ஒருமுறை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரையே விரட்டியிருக்கிறாள். அவர் நீதிபதி என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

கூடு என்று சொன்னாலும் அது ஒரு மரப்பெட்டிதான். ஊர் எல்லையில் இருக்கும் தானியக் கிடங்கின் கூரை விட்டத்தில் அதை அறைந்திருந்தார்கள். மூன்று வருடமாக அதில் ஒரு கூகை ஜோடி குடியிருந்தது. வெள்ளை முகமும் கறுப்புக் கண்ணுமாக, மாவுத் தட்டில் முகத்தைப் பதித்து எடுத்தாற்போல் இருக்குமே ஒரு வகை ஆந்தை, அதுதான். "எங்கள் கிடங்கில் எலி விஷம் கிடையாது, ஆந்தைகளே காவல்" என்று விளம்பரம் செய்துகொள்வதற்காக நிறுவனம் பெட்டிக்குள் கேமரா வைத்து இரவும் பகலும் நேரலை விட்டது. இருபதாயிரம் பேர் பார்த்தார்கள். தூக்கம் வராத டீச்சர் ஒருத்தி, நடுக்கடலில் கப்பல் என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாதக்கணக்காகப் படுத்திருக்கும் ஒரு பெரியவர் என்று விதவிதமான ஆட்கள். கிடங்கின் மேலாளர் தையல்காரியின் தம்பி. எலிக் கணக்கு எழுதவும் சேனலைக் கவனிக்கவும் நம்பகமான ஆள் வேண்டும் என்று நிறுவனம் கேட்டபோது, அக்காவைவிடக் கறாரான ஆள் உலகத்தில் கிடையாது என்று அவளைச் சேர்த்துவிட்டவன் அவன்தான்.

காலை ஒன்பது மணிக்குக் கடை ஷட்டரைத் தூக்கியதும், விளக்குகூடப் போடாமல் போனை நூல்கண்டுப் பெட்டியில் சாய்த்து வைப்பாள். ராத்திரி நடந்ததைப் பின்னால் தள்ளி, வேகமாக ஓட்டிப் பார்ப்பாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அப்பா ஆந்தை எலியோடு வரும், கொடுக்கும், போகும். ஒவ்வோர் எலிக்கும் வெட்டு மேஜையின் ஓரத்தில் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு. அம்மா எதைத் தின்றது, குஞ்சுகளில் எது எதைப் பிடுங்கியது என்பதற்குத் தனித்தனிக் குறி. பிறகு எண்ணிக்கையைச் சேனலில் போடுவாள். ஆறு, ஏழு, சில நாள் எட்டு. "கணக்கக்கா வந்தாச்சு!" என்று அங்கே ஒரே ஆரவாரமாக இருக்கும். வீட்டில் அவளை யாரும் இவ்வளவு எதிர்பார்த்ததில்லை. அவளுடைய வீட்டுக்காரர், "எனக்கு உடம்பு சுடுதான்னு தொட்டுப் பார்க்க ஆளில்ல, ஆந்தைக்கு அட்டவணை போடுறா" என்பார்.

அந்தமுறை ஐந்து குஞ்சுகள். பெரியவன், ரவுடி, மூக்கி, தூங்குமூஞ்சி, கடைக்குட்டி. ஆந்தை முட்டையிடுவது இரண்டு நாளைக்கு ஒன்று, பொரிப்பதும் அப்படியே. அதனால் பெரியவன் இறக்கை முளைத்து நிற்கும்போது கடைக்குட்டி பஞ்சுருண்டையாகத் தள்ளாடிக்கொண்டிருந்தது. எலி வந்தால் பெரியதுகள் பாய்ந்துவிடும். கடைக்குட்டி மூலையில் நின்று உஸ்ஸென்று கத்தும், யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அதன் பெயருக்கு நேரே மேஜையில் இரண்டு நாள் ஒரு கோடும் விழவில்லை. மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலை, அது சுவரில் சாய்ந்து தலையைத் தொங்கப்போட்டிருந்தது. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. ரவுடி அதன் பக்கத்திலேயே நின்று அதையே பார்த்தது. அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். பட்டினி கிடந்து சாகிற தம்பியைத் தின்னத் தயங்காத பறவை அது.

தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடமாக ஊருக்கெல்லாம் விதி சொன்னவள், போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், கிடங்குல செத்த எலி ஏதாவது கிடக்கா?"

"எதுக்குக்கா?" என்றான்.

"கடைக்குட்டி சாகப் போகுதுடா. சின்னதா ஒரு எலியைக் கொண்டுபோய் அது முன்னாடி வச்சிடு. மத்ததுங்க பிடுங்காம பார்த்துக்கோ."

"கை வைக்கக் கூடாதுன்னு நீதானக்கா..."

"எனக்கே விதி சொல்றியா? வைடான்னா வை."

"நிஜமாவே வேணுமாக்கா?" என்று அவன் இன்னொரு தடவை கேட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது. பயந்தாங்கொள்ளி, ஏணியில் ஏற நடுங்குகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அம்மா சீக்கிரமே போய்விட்ட வீட்டில் அவனை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள். அவனுடைய குரலில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்ற எண்ணம் அவளுக்கு.

அரை மணி கழித்துப் பெட்டிக்குள் ஒரு கை வந்தது. நீலக் கைப்பட்டி. கிடங்குச் சீருடை முழுவதும் அவள் கடையில் தைத்ததுதான். அந்தக் கைப்பட்டியில் இரட்டைத் தையல் ஓடியிருப்பது திரையில்கூடத் தெரிந்தது. கை ஒரு சின்ன எலியைக் கடைக்குட்டியின் காலடியில் வைத்துவிட்டு, பெரியதுகளை விலக்கியபடி அங்கேயே இருந்தது. கடைக்குட்டி எலியைக் கவ்வியது. விழுங்கியது. வால் மட்டும் வாய்க்கு வெளியே கொஞ்ச நேரம் தொங்கியது. அதுவும் உள்ளே போனபோது திரை முழுவதும் இதயங்கள் கொட்டின. நீதிபதி, "விதிகளை மீற ஒரு தாய் மனம் வேண்டும்" என்று எழுதினார். கப்பல்காரர் தான் அழுதுவிட்டதாகச் சொன்னார். தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, வேலையைப் பாருங்க" என்று பதில் போட்டாள்.

அன்றிலிருந்து யோகம் அடித்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வெள்ளிக்கிழமைக் கணக்கு பன்னிரண்டு. சனிக்கிழமை பதினேழு. பட்டப்பகலில்கூட அப்பா ஆந்தை எலியோடு வந்தது. தள்ளாடி வெளியே வரும் எலிகளை அலுங்காமல் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறது என்பது திரையில் எங்கே தெரியும்? கடைக்குட்டியும் முண்டியடித்துத் தின்னத் தொடங்கியது. "உங்க கைராசிதான் கணக்கக்கா!" என்றாள் டீச்சர். தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. "பதினேழு! மூணு வருஷத்துல இல்லாத சாதனை! எல்லாரும் எழுந்து நில்லுங்க!" என்று எழுதினாள். கப்பலில் எழுந்து நின்றதற்குப் படமே வந்தது.

செவ்வாய்க்கிழமை அப்பா ஆந்தை வரவில்லை. புதன்கிழமை அம்மா ஆந்தை இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது. பெரியவன் எழுந்திருக்கவே இல்லை. சேனலுக்கு ஆலோசகராக இருந்த பறவை டாக்டர், ஒரு பெண்மணி, எல்லார் முன்னாலும் கேட்டார். "வெயில்னாலயும் இருக்கலாம். ஆனா எனக்கு சந்தேகமா இருக்கு. கிடங்குல எலி மருந்து எதுவும் வைக்கலியே?"

தையல்காரிக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "கிடங்கு மேலாளர் என் கூடப்பிறந்த தம்பி. அங்க விஷம் கிடையாது. என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்றேன்" என்று எழுதினாள். டாக்டர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் கிடங்கில் மூட்டை தூக்கும் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் முட்டி கிழிந்த நீலக் கால்சட்டை.

"அம்மா, இதை உடனே தச்சுக் குடுத்துடுங்க. நாளைக்குப் பெரிய கம்பெனி ஆளுங்க சோதனைக்கு வராங்களாம். யாரும் கிழிசலோட நிக்கக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு."

தைக்கும் முன் பையைத் துழாவிப் பார்ப்பது அவள் வழக்கம். சாவி, ஆணி, திருகு என்று எதையாவது விட்டுவிடுவார்கள், ஊசி ஒடியும். இந்தப் பையில் கையை விட்டபோது ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தாள். மெழுகுபோல் இரண்டு நீலக் கட்டிகள்.

"என்ன இது?"

"எலி கேக்கும்மா. கிடங்குல வச்சதுல மிச்சம். எங்க வீட்லயும் தொல்லை தாங்கல, அதான் ரெண்டு எடுத்துட்டுப் போறேன். சார்கிட்ட சொல்லிடாதீங்க."

"கிடங்குலயா? எப்ப வச்சீங்க?"

"போன வாரம் திங்கக்கிழமைல இருந்து வைக்கிறோமே. மூலைக்கு மூலை. சும்மா சொல்லக் கூடாது, நல்ல மருந்து. நாலாம் நாளே எலியெல்லாம் குடிகாரன் மாதிரி வெளிச்சத்துல தள்ளாடிட்டு வருது."

தையல்காரி திரும்பி மேஜை ஓரத்தைப் பார்த்தாள். இரண்டு வாரக் கோடுகள் அழியாமல் இருந்தன. திங்கள் ஏழு. செவ்வாய் ஆறு. புதன் ஏழு. வியாழன் ஒன்பது. வெள்ளி பன்னிரண்டு. சனி பதினேழு. தன் கையால் போட்ட கோடுகள். ஒவ்வொன்றும் வெள்ளை வெளேரென்று அவள் முகத்தில் காறித் துப்பின. எழுந்து நில்லுங்கள் என்று சொன்னாளே, எதற்கு எழுந்து நின்றார்கள் அத்தனை பேரும்?

பிறகுதான் அந்தக் கை நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை விஷம் வைத்தவன் வியாழக்கிழமை எலி எடுத்து வந்திருக்கிறான். நிஜமாவே வேணுமாக்கா என்று கேட்டானே, ஏணிக்குப் பயந்தா கேட்டான்?

போனில் அவன் "சொல்லுக்கா" என்றதுதான் தாமதம்.

"எலி கேக் வச்சியாடா?"

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வச்சியா இல்லியா?"

"நேர்ல பேசலாம்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டான். இரண்டு நிமிடத்தில் திரை கறுத்தது. பராமரிப்புக்காக நேரலை நிறுத்தப்பட்டுள்ளது என்று ஒரு வரி வந்தது. கேமராவை அணைத்துவிட்டான். டாக்டரைக் கூப்பிட்டாள். "டாக்டரம்மா, நேத்து நான் பண்ண சத்தியம் பொய். பத்து நாளா விஷம் வச்சிருக்காங்க. உடனே கிளம்பி வாங்க" என்றாள். டாக்டர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஊசி எடுத்துட்டு வரேன், குஞ்சுங்களைக் கீழ இறக்கி வைங்க" என்று மட்டும் சொன்னார். தையல்காரி பொட்டலத்தைக் கையில் இறுக்கிக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் மூட்டைக்காரரின் பைக்கில் ஏறினாள்.

"அம்மா, நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா?" என்று அவர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

"நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னீங்க. வண்டியை முறுக்குங்க."

கிடங்கு வாசலில் புத்தம் புதிய பேனர் கட்டியிருந்தார்கள். நாளை வருகிறவர்களுக்காக. அதில் இருந்தது அந்தப் படம்தான். நீலக் கைப்பட்டிக் கை, அதன் முன்னால் வாயில் எலி வாலோடு கடைக்குட்டி. மேலே பெரிய எழுத்தில், "விஷமில்லாத கிடங்கு. ஒரே நாளில் 17 எலிகள்!" அவளுடைய எண். அவளுடைய ஆச்சரியக்குறியைக்கூட அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். வண்டி நிற்பதற்குள் குதித்தாள்.

தம்பி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பொட்டலத்தை அவன் மேஜைமேல் எறிந்தாள். நீலக் கட்டி ஒன்று உருண்டு அவன் மடியில் விழுந்தது.

"கத்தாதக்கா. வெளிய ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். கேக்கட்டும்."

"நான் என்ன பண்ணுவேன்? நாளைக்கு வரவங்க கண்ணுல ஒரே ஒரு எலி பட்டாக்கூட ஒப்பந்தம் போச்சு. முப்பது பேரு வேலைக்கா. உன் ஆந்தை ஒரு நாளைக்கு ஏழு பிடிக்குது. உள்ள எழுநூறு இருக்கு. விஷம் வைக்காம எலியே இருக்கக் கூடாதுன்னா எப்படி? மேல சொன்னேன். எப்படியோ முடின்னாங்க. எப்படியோன்னா என்னக்கா அர்த்தம்?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அது உன் பாடு, உன் முதலாளி பாடு. நான் ஒண்ணுதான் கேக்கறேன். கடைக்குட்டிக்கு வச்ச எலி எங்க கிடந்துச்சு?"

அவன் மடியில் கிடந்த கட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"வாயைத் திற."

"மூணாம் நம்பர் அடுக்குக்குக் கீழ."

"எப்படிச் செத்ததுன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சே வச்ச."

"நீதானக்கா கேட்ட!" என்று அவன் முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். "எத்தனை தடவை கேட்டேன், வேணுமா வேணுமான்னு? மாட்டேன்னா ஏன்னு கேப்ப. ஏன்னு கேட்டா நான் என்ன சொல்றது? ஒரு எலிதானே, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். அப்புறம் நீயே எழுதற, பன்னெண்டு, பதினேழு, எல்லாரும் நல்லாத் தின்னுதுங்கன்னு. உன் கணக்கைப் பார்த்துத்தானக்கா, ஆந்தைக்கு ஒண்ணும் ஆகலன்னு ஞாயித்துக்கிழமை இன்னொரு பெட்டி பிரிச்சேன்."

அவள் அவனை அறைய ஓங்கிய கை அப்படியே நின்றது. அறைந்திருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். வாயில் வந்த வசவையெல்லாம் மென்று விழுங்கினாள். அவளுடைய எண்ணிக்கையை நம்பி அவன் விஷம் வைத்தான். அவனுடைய கையை நம்பி அவள் எலி ஊட்டச் சொன்னாள். நடுவில் ஐந்து குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

டாக்டரின் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. தம்பி எழுந்து அவள் கையைப் பிடித்தான்.

"அக்கா, எல்லாத்தையும் இறக்கிக் குடுத்துடறேன். டாக்டர் ஊசி போடட்டும். கேக்கையும் இன்னைக்கே அள்ளிடறேன். கேமரா மட்டும் வேணாம். நாளைக்கு ஒரு நாள் போகட்டும். உன் தம்பிக்காக."

அவன் கை சில்லிட்டிருந்தது. சின்ன வயசில் ஜுரம் வந்தால் இப்படித்தான் சில்லிட்டுப் போகும். அது நினைவுக்கு வந்ததற்காகவும் அவன்மேல் கோபம் வந்தது.

"நேத்து இருபதாயிரம் பேர் முன்னாடி உனக்காகச் சத்தியம் பண்ணேன்டா. நீ அதைப் படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டும் ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த. நேத்தே டாக்டர் வந்திருப்பாங்க." கையை உதறிக்கொண்டாள். "கேமராவைப் போடு. போட்டுட்டு நீயே ஏறு. வேற ஆளை அனுப்பின, நான் வாசல்ல போய் அந்த பேனரைக் கிழிச்சுப் போட்டுட்டு அங்கேயே நின்னு கத்துவேன். நான் கத்துவேன்னு உனக்குத் தெரியும்."

அவனுக்குத் தெரியும். சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டான்.

கிடங்குக்குள் மூட்டை அடுக்குகளுக்கு நடுவே ஏணியைச் சாய்த்தார்கள். மூட்டைக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் தரையில் துணி விரித்து ஊசி மருந்தை எடுத்து வைத்தார். எலி விஷம் ரத்தத்தை உறையவிடாமல் உள்ளேயே கசிய வைக்கும், இது ரத்தம் உறைய வைக்கும் மருந்து, நேரத்தோடு போட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு என்றார். "எது எத்தனை தின்னிருக்கும்னு தெரிஞ்சா நல்லது. மோசமானதுக்கு முதல்ல போடணும்."

"எல்லாம் தெரியும்" என்றாள் தையல்காரி. "ரவுடி பதினொண்ணு. பெரியவன் பத்து. மூக்கி ஒம்பது. தூங்குமூஞ்சி எட்டு. கடைக்குட்டி அஞ்சு." ஒரு சீட்டும் பார்க்காமல் சொன்னாள். அவளுடைய கணக்குக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

போனில் படம் வந்தது. மூலையில் அம்மா ஆந்தை முகம் குப்புறக் கிடந்தது. அலகில் கறுப்பாக ஒரு கோடு. உஸ் என்ற சத்தமே இல்லை. நேரலை திரும்பியதைப் பார்த்து ஆட்கள் குவியத் தொடங்கினார்கள். என்ன ஆச்சு, அம்மா ஏன் படுத்திருக்கு, யாராவது சொல்லுங்களேன். அந்த நேரத்தில் பெட்டியின் வாய் வழியாக ஒரு கை உள்ளே வந்தது. இரட்டைத் தையல் போட்ட நீலக் கைப்பட்டி.

இதயங்கள் கொட்டின.

"வந்துட்டாரு! நம்ம ஆளு வந்துட்டாரு!" என்றாள் டீச்சர். "கடைக்குட்டிக்கு முதல்ல குடுங்க" என்றார் ஆஸ்பத்திரிப் பெரியவர். "கணக்கக்கா, இன்னைக்கு எத்தனை?" என்று கப்பல்காரர் கேட்டார்.

தையல்காரி தரையில் உட்கார்ந்து எழுதினாள். எழுத்துப் பிசகியது. அழித்து அழித்து எழுதினாள்.

"இது என் தம்பி கை. இந்தக் கிடங்குல பத்து நாளா எலி விஷம் வச்சிருக்காங்க. நான் சாதனைன்னு போட்ட பதினேழும் விஷம் தின்ன எலி. விஷம் இல்லைன்னு சத்தியம் பண்ணது நான். கடைக்குட்டிக்குப் போன வாரம் வச்சதும் விஷம் தின்ன எலிதான். வைக்கச் சொன்னதும் நான்தான். யாரும் இதயம் போடாதீங்க."

இதயங்கள் நின்றன. இருபதாயிரம் பேர் இருந்த இடத்தில் ஓர் எழுத்துகூட வரவில்லை.

மேலே இருந்து தம்பி ஒவ்வொன்றாக இறக்கினான். அம்மா ஆந்தை செத்திருந்தது. பெரியவனும். ரவுடி டாக்டரின் கையைக் கீறியது. இன்னும் தெம்பு இருக்கிறதே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. முதல் ஊசி ரவுடிக்குத்தான். மூக்கிக்கும் தூங்குமூஞ்சிக்கும் உயிர் இருந்தது. மூன்றையும் துணியில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்தார்கள்.

கடைசியாக வந்த பஞ்சுருண்டையைத் தையல்காரி எட்டி வாங்கினாள். உள்ளங்கைக்குள் அடங்கியது. உடம்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது, ஆனால் கழுத்து நிற்கவில்லை. டாக்டர் காதுக்கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார். சின்ன உடம்பு, தாங்கியிருக்காது என்றார். தையல்காரி கட்டைவிரலால் அதன் வயிற்றைத் தடவினாள். போன வியாழக்கிழமை முதுகோடு ஒட்டிக் கிடந்த வயிறு. இப்போது நிறைந்து, கெட்டியாக இருந்தது.

"அவ்ளோதான்க்கா. காலியாயிடுச்சு" என்றான் தம்பி ஏணி மேலிருந்து. அவன் அழுதுகொண்டிருந்தான். "இறங்கட்டுமா?"

திரையில் வெறும் பெட்டி தெரிந்தது. அதன் விளிம்பைப் பிடித்தபடி அந்த நீலக் கை. கீழே ஒரே ஒரு வரி மட்டும் வந்திருந்தது. கடைக்குட்டி எங்கே என்று டீச்சர் கேட்டிருந்தாள்.

தையல்காரி குஞ்சை ஒரு கையில் ஏந்திக்கொண்டு எழுந்தாள். ஏணியைப் பிடித்திருந்த மூட்டைக்காரரை நகரச் சொன்னாள்.

"நீ இறங்காத. உன் கை அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முதல் படியில் கால் வைத்தாள். "கொஞ்சம் ஒதுங்கி நில்லு. என் கையும் தெரியணும்."